மறதிக்கு ஒரு கால அட்டவணை

1885ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. மலாயாவின் முதல் ரயில். மொத்தத் தூரம் 13 கிலோமீட்டர்கூட நிறையாது. லாருட் மண்ணில் தோண்டிய வெள்ளீயத்தைக் கடலோரம் சேர்ப்பதற்காகப் போட்ட பாதை அது. தண்டவாளம் போட இலங்கையிலிருந்து ஆள்களை வரவழைத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்பவர் நினைவாற்றலைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் தைப்பிங்கில் மாலை மழைக்கு ஒதுங்கி நிற்கும் ஆறாம் படிவப் பிள்ளைகள் கைப்பேசியில் கேள்வியும் விடையுமாக அட்டை அட்டையாகத் தள்ளிப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, ரயிலைவிட அந்த நூல்தான் நெடுந்தூரம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த ரயில் பாதை இப்போது இல்லை. போர்ட் வெல்டும் கோலா செபெத்தாங் ஆகிவிட்டது. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

எபிங்ஹவுஸ் செய்த வேலையைக் கேட்டால் இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று தோன்றும். பொருளே இல்லாத அசைகளாக ஏறக்குறைய 2,300 செய்துகொண்டார். அவற்றை வரிசையாக அடுக்கி, கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப ஒரே சீராக வாசித்து மனப்பாடம் செய்தார். சோதித்தவரும் அவரே, சோதனைக்கு உட்பட்டவரும் அவரே. படித்ததை 20 நிமிடம், ஒரு மணி நேரம், ஒரு நாள், ஆறு நாள், 31 நாள் என்று விட்டுவிட்டு மறுபடியும் படித்து, முதல் தடவை பட்ட பாட்டில் எவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்குப் பார்த்தார். 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 விழுக்காடு. ஒரு மணி நேரம் கழித்து 44. ஒரு நாள் கழித்து 34. 31 நாள் கழித்து 21. ஆக, மறதி முதல் நாளிலேயே வாரிக்கொண்டு போய்விடுகிறது. அதற்குப் பிறகு அதற்கே அவசரமில்லை. 2015இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் கோடு ஏறத்தாழ அப்படியேதான் இறங்கியது.

மறதிக்கு ஒரு கால அட்டவணை உண்டென்றால், அது வந்து சேருவதற்குச் சற்று முன்னால் நாம் நிலையத்தில் நிற்கலாமே. கைப்பேசி அட்டைகளின் தத்துவம் மொத்தமும் இவ்வளவுதான். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் ஒரு பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்தார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். 1987இல் போலந்தின் பியோத்தர் வோஸ்னியாக் இடைவெளிகளைக் கணிக்கக் கணினிக்கான ஒரு கணக்கை வகுத்தார். 2005இல் கலிபோர்னியாவில் ஆண்ட்ரூ சதர்லேண்ட் என்ற பள்ளி மாணவர் தன் பிரெஞ்சுப் பாடத்துக்காக எழுதிய நிரல்தான் பின்னர் குவிஸ்லெட் என்னும் அட்டைச் செயலி ஆனது. 2006இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட அங்கி (Anki) என்னும் மென்பொருள் இன்று மருத்துவ மாணவர்களிடமும் மொழி கற்பவர்களிடமும் ஒரு மதம்போலப் பரவியிருக்கிறது. வோஸ்னியாக்கின் பழைய கணக்குப்படி புதிய அட்டை ஒரு நாள் கழித்து வரும், பிறகு ஆறு நாள், அதன்பின் ஒவ்வொரு இடைவெளியும் சுமார் இரண்டரை மடங்கு. தடுமாறாமல் சொல்லிவந்தால் ஒரு செய்தியை ஏறக்குறைய 390 நாள்களில் ஆறே முறை பார்த்தால் போதும். அங்கியின் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. ஓர் அட்டைக்கு அது தரக்கூடிய அதிகபட்ச இடைவெளி 36,500 நாள், அதாவது நூறாண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நூற்றுப்பதினெட்டாம் வயதில் ஒளிச்சேர்க்கையை நினைவூட்ட அது தயாராக இருக்கிறது.

பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால்தான் மரம் பால் கொடுக்கும். ஆசைப்பட்டு நாள்தோறும் கத்தி வைத்தால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். நாளைக்குத் தேர்வு என்றால் இன்றிரவு முழுக்கக் கண்விழித்துப் படிக்கிற பிள்ளை, மரத்தைத்தான் அப்படி வெட்டுகிறது.

இடைவெளி பாதிக் கதைதான். இன்னொரு பாதி, பார்ப்பதற்கும் கேட்டுச் சொல்லவைப்பதற்கும் உள்ள வேறுபாடு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதைத் திரும்பப் படித்தார்கள். மறு சாரார் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே மேல்: 81க்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. இதில் எனக்குப் பிடித்த இடம் அந்த ஐந்து நிமிடக் கணக்குதான். திரும்பத் திரும்பப் படிக்கும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்ததுபோல் இருக்குமல்லவா, அது பொய்யில்லை. ஐந்து நிமிடத்துக்கு அது உண்மை. மஞ்சள் மையால் பாடநூல் முழுவதும் கோடு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஏமாற்றுவது சோம்பல் இல்லை, அந்த நிம்மதி.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இதை ஆய்வில்லாமலே அறிந்திருந்தன. முறை சொல்லுதல், சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்தல், எண்சுவடியை நாள்தோறும் ஒரு சுற்று ஓட்டுதல் எல்லாமே கேட்டுச் சொல்லவைக்கும் ஏற்பாடுகள்தாம். நன்னூலில் பவணந்தி முனிவர் மாணவனின் கடமைகளை அடுக்கும்போது பாடத்தைப் போற்றிக் காப்பதையும் கேட்டதைத் திரும்ப நினைத்துப் பார்ப்பதையும் இரண்டு தனித்தனி வேலைகளாக வைக்கிறார். வினவுவதையும் வினவியதற்கு விடை சொல்வதையும்கூடத் தனியே சேர்க்கிறார். நவீன உளவியல் எழுநூறு ஆண்டுகள் கழித்து வந்து சொன்னதைப் பவணந்தி அப்போதே சொல்லிவிட்டார் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை; அந்த வகைப் பெருமிதத்தால் ஒரு பிள்ளைக்கும் ஒரு மதிப்பெண்ணும் கூடியதில்லை. பவணந்தியிடம் இந்தக் கருவிகளில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தைப்பிங்கில் அட்டை புரட்டும் பிள்ளைகள் யார்? இவர்களின் தாத்தா பாட்டிமார் செலாமா, பாகான் செராய் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளில் இருந்தவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் செம்பனையானது, செம்பனை சில இடங்களில் வீடமைப்புத் திட்டமானது. குடும்பங்கள் கமுந்திங்கிலும் சிம்பாங்கிலும் வந்து குடியேறின. அம்மா தொழிற்சாலையில் வேலை பார்ப்பார், அப்பா லாரி ஓட்டுவார் அல்லது இரவுக் காவலுக்குப் போவார். 1912இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகை, கிராணியோ கங்காணியோ பகுதிநேர வாத்தியார். அங்கிருந்து இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் வரை வந்திருக்கிறோம். ஆறாண்டு தமிழில் படித்துவிட்டு ஏழாம் ஆண்டில் பிள்ளை மலாய்மொழி இடைநிலைப் பள்ளிக்குள் நுழைகிறது. ஆறாம் ஆண்டுத் தேர்வின் மலாய்த் தாளில் தேறாத பிள்ளைகளைப் பெராலிஹான் என்னும் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்காரவைத்துவிட்டுத்தான் முதலாம் படிவத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஓராண்டு ஒரு பிள்ளையின் மனத்தில் என்ன எழுதியது என்பதை எந்தத் தேர்வு மன்றமும் கணக்கெடுக்கவில்லை.

அப்படி மிஞ்சி ஐந்தாம் படிவம் தாண்டி எஸ்.டி.பி.எம். என்னும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வுக்கான வகுப்புக்கு வருகிற பிள்ளையின் மேசையில் மூன்று மொழிகள் இருக்கும். பொதுப் பாடமும் வரலாறும் பொருளியலும் மலாயில். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க மூவெட் என்னும் ஆங்கிலத் தேர்வு. தமிழ்மொழியைப் பாடமாக எடுத்திருந்தால் இலக்கணமும் இலக்கியமும் தமிழில். போர்ட் வெல்டின் பழைய நிலையத்துப் பெயர்ப்பலகையாவது ஊர்ப் பெயர் ஒன்றை மட்டும்தான் சுமக்கிறது.

கைப்பேசி இவர்கள் வீட்டுக்குள் படிப்புக் கருவியாக நுழைந்தது 2020 மார்ச் 18ஆம் தேதி தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது. அண்ணன், தங்கை, தம்பி மூவருக்கும் ஒரே கைப்பேசி என்று இருந்த வீடுகள் எத்தனையோ. ஆசிரியரின் குரல் வந்து வந்து அறுந்துபோகும் இணையத்தில், அட்டைகளுக்கு ஒரு நன்மை இருந்தது: ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் வேண்டாம். அண்ட்ராய்டு கைப்பேசிக்கான அங்கிட்ராய்டுக்குக் காசும் வேண்டாம். ஆப்பிள் கைப்பேசிக்கான அங்கி மட்டும் ஏறக்குறைய 25 அமெரிக்க டாலர். டியூஷனுக்கு மாதாமாதம் கட்ட முடியாத வீட்டில் இது சின்ன விஷயமில்லை. இந்தக் கருவிகளைப் பற்றி நான் குறையாக எழுதப்போகும் எதையும் இந்த ஒரு நன்மையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மாலையில் என்னிடம் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளில் ஒருத்தி உயிரியலும் எடுத்திருந்தாள். யாரோ செய்து வைத்திருந்த பெரிய மலாய் அட்டைக் கட்டு ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு மின்னல் வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கேள்வி திரையில் விழுவதற்குள் வாய் ‘மெம்பிரான் செபாரா தெலாப்’ என்றது.

“அப்படின்னா என்னம்மா?”

“அதான் சார், மெம்பிரான் செபாரா தெலாப்.”

“அது என்ன செய்யும்?”

யோசித்தாள். “அட்டைல அது இல்ல சார்.”

உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் ஏன் ஊதிக் கிடக்கிறது, அதன் தோல் எதை உள்ளே விடுகிறது, எதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று பேசிக்கொண்டிருந்தோம். பாயசத்துக்கு ஊறவைத்த திராட்சையை அவளும் பார்த்திருக்கிறாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அடுத்த பேச்சு: “ஆனா சார், பரீட்சையில திராட்சை கேக்க மாட்டாங்கல்ல?” சரிதான். கேட்க மாட்டார்கள்.

எபிங்ஹவுஸ் ஏன் பொருளில்லாத அசைகளைத் தேர்ந்தெடுத்தார் என்பதை இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பொருள் இருந்தால் கணக்குக் கெட்டுவிடும் என்பதற்காக. பொருள் எவ்வளவு கெடுக்கும் என்றும் அவரே பார்த்திருக்கிறார். பைரனின் டான் ஜுவான் காவியத்திலிருந்து செய்யுள்களை எடுத்து மனப்பாடம் செய்தபோது, அதே அளவு வெற்று அசைகளுக்கு ஆன உழைப்பில் பத்தில் ஒரு பங்குதான் ஆயிற்று. பொருளும் சந்தமும் சேர்ந்து பத்தில் ஒன்பது பங்கு பாரத்தை இறக்கிவைத்துவிடுகின்றன. கால அட்டவணை எல்லாம் மிச்சமிருக்கிற ஒரு பங்கைச் சமாளிக்கத்தான்.

மலாய்க் கலைச்சொல்லுக்குள் இருக்கும் பொருள் பிடிபடாத தமிழ்ப் பிள்ளைக்கு அது வெற்று அசை. அந்தப் பிள்ளை கையில் அட்டைக் கட்டைக் கொடுத்து ‘தினம் நூறு பார்’ என்று சொல்வது, எபிங்ஹவுஸ் தன் அறையில் தனக்கே விதித்துக்கொண்ட தண்டனையை அதன் தலையில் கட்டுவதாகும். அவராவது விரும்பிச் செய்தார். இடைவெளிக் கணக்கை எழுதிய வோஸ்னியாக்கே 1999இல் அட்டை எழுதுவதற்கு இருபது விதிகள் வகுத்தபோது, புரியாத ஒன்றைப் படிக்காதே என்பதைத்தான் முதல் விதியாக வைத்தார். கருவி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. விதி எங்கோ நடுவழியில் இறங்கிவிட்டது.

தமிழில் பழைய ஆள்கள் பொருளையும் சந்தத்தையும் ஒருசேரப் பயன்படுத்திக்கொண்டவர்கள். மருத்துவம், சோதிடம், கணக்கு எல்லாம் செய்யுள். அகராதியைக்கூடச் செய்யுளில் எழுதி நிகண்டு என்று பெயரிட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அதில் மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் பாடியதால் அது மற்றவற்றைவிடப் பள்ளிகளில் நிலைத்தது. யாப்பிலக்கணத்தின் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற வாய்பாடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நேரசை நிரையசைக் கணக்கை மரம் செடி கொடியின் பெயரில் ஏற்றி, அந்தப் பெயரே அந்த ஓசையாகவும் இருக்கும்படி செய்திருக்கிறார்கள். கேள்வியும் விடையும் ஒரே சொல்லில் அடங்கிய அட்டை அது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான அட்டையை எந்த மென்பொருளிலும் நான் பார்த்ததில்லை.

ஆகவே தமிழ் இலக்கணத்துக்கு அட்டை நன்றாகவே பொருந்துகிறது. புணர்ச்சி விதி, அணி வகை, நூலும் ஆசிரியரும், காலவரிசை இவையெல்லாம் கேட்டவுடன் சொல்ல வேண்டியவை. கவிதை வேறு. ஒரு கவிதையின் நயத்தை அட்டையின் பின்பக்கத்தில் நான்கு புள்ளிகளாகச் சுருக்கி எழுதி வைத்திருந்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும். அந்தக் கவிதையை முழுதாக வாசித்ததுண்டா என்று கேட்டதற்கு, அதற்குத் தனியாக அட்டை இல்லை என்றான்.

தேர்வின் தன்மையும் இதில் கலந்திருக்கிறது. இந்தியாவின் நீட் தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே பாடநூலை வரிவரியாக அட்டையாக்கிப் பயிற்சி செய்வது பலன் தரலாம். எஸ்.டி.பி.எம்.மில் கட்டுரை விடைகள் உண்டு, காரணம் காட்டி வாதிட வேண்டும், சிறு ஆய்வுப்பணியும் உண்டு. அங்கே அட்டை செங்கல் மட்டும்தான் தரும். சுவர் எழுப்பத் தெரியாதவன் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

2012 முதல் எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் ஒன்றரை ஆண்டுப் பாடத்தையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுத வேண்டும். பிரித்தது பிள்ளைகளுக்கு இரக்கம் காட்டிய சீர்திருத்தம், நான் அதை மறுக்கமாட்டேன். ஆனால் முதல் பருவத்துப் பாடத்தை எழுதி முடித்த மறுநாள் அந்த அட்டைக் கட்டைக் கைப்பேசியிலிருந்து அழிக்கும் பழக்கமும் அதோடு வந்தது. ‘இடம் அடைக்குது சார்.’ நூறாண்டு நினைவூட்டத் தயாராக இருக்கும் கருவியை வாங்கி ஐந்து மாதம் வைத்துக்கொண்டு தூக்கிப்போடுகிறோம். குற்றம் பிள்ளையுடையதா? அடுத்த பருவத்தில் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை என்று தெரிந்த பிள்ளை புத்திசாலிப் பிள்ளை. மறக்கக் கற்றுக்கொடுப்பது தேர்வுமுறைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கியில் விடையைப் பார்த்தபின் மறுபடி, கடினம், சரி, எளிது என்று நான்கு பொத்தான்கள் வரும். மதிப்பெண் போடுவது நீங்களேதான். பாதி தெரிந்ததைச் ‘சரி’ என்று தட்டினால் மென்பொருள் நம்பிவிடும். இரவு பதினொரு மணிக்கு இன்னும் எண்பது அட்டை பாக்கி என்று திரை காட்டும்போது விரல் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. சட்டாம்பிள்ளை பிரம்போடு நின்ற இடத்தில் இப்போது பிள்ளையின் மனசாட்சி நிற்கிறது, அதுவும் தூக்கக் கலக்கத்தோடு. ஓர் அட்டையை எட்டுத் தடவை மறந்தால் அங்கி அதைத் தானாகவே தனியே அடையாளமிட்டு வைக்கும். அப்படி அடையாளமிட்ட அட்டையை மாற்றி எழுது என்கிறது அதன் கையேடு. ஞாபகம் மோசம் என்று பிள்ளையைத் திட்டு என்று சொல்லவில்லை. நம் பள்ளிகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. எட்டுத் தடவை தவறிய பிள்ளையைக் கடைசி வகுப்புக்கு மாற்றுவோம், பாடம் அப்படியே இருக்கும்.

இப்போது பவணந்திக்கு வருகிறேன். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கால் பங்கு புலமைதான் கிட்டும் என்கிறார் அவர். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு விளங்கச் சொல்வதில்தான் மற்ற அரை. எந்த ஆய்வுக்கூடத்தில் இந்தக் கால் அரைக் கணக்கை அளந்தார் என்று கேட்கக் கூடாது. முப்பது வயதுக்குமேல் வாத்தியார் வேலைக்கு வந்த யாரைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள்: புணர்ச்சி விதி எனக்கு விளங்கியது நான் மாணவனாக இருந்தபோது அல்ல, வாத்தியாரான பிறகு. கைப்பேசி அட்டை ஆசிரியரின் கால் பங்கை ஓரளவு பத்திரப்படுத்துகிறது. மற்ற முக்கால் பங்கும் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால்தான் நடக்கும். அட்டையோ தனி ஆளின் விளையாட்டு. காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, தைப்பிங் ஏரித் தோட்டத்து மழைமரங்களுக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரே பாடத்தை ஒருவரையொருவர் கேட்காமல் படிப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் அந்தப் பெரிய கேள்வி. இவ்வளவும் செய்து நல்ல புள்ளி வாங்கினால் இடம் கிடைக்குமா? பல்கலைக்கழகத்துக்குப் போகும் இன்னொரு வழியான மெட்ரிகுலேசன் வகுப்பு இடங்களில் மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடியினருமான பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற விகிதம், 2019இல் இடங்களை 25,000இலிருந்து 40,000ஆகக் கூட்டியபோதும் மாறவில்லை. 2024 ஜூன் 30ஆம் தேதி, ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் பத்து ஏ-யும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேசன் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஒன்பது ஏ வாங்கிய பிள்ளை ஒன்றரை ஆண்டு ஆறாம் படிவத்துக்கு வந்து, புறப்பாடத்துக்கு நூற்றுக்குப் பத்தும் தேர்வுக்குத் தொண்ணூறுமாகக் கணக்கிட்டு, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கோ தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறது. இந்தக் கதவைத் திறப்பது அரசியல். அட்டை அதற்குச் சாவியாகாது. கதவு திறக்கிற அன்று பிள்ளை வெறுங்கையோடு நிற்காமல் இருந்தால் போதும் என்று படிக்கவைக்கிறோம்.

நம் கையில் இருப்பது அட்டையை யார் எழுதுவது என்பது மட்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஆயத்தக் கட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. பிறர் எழுதிய அட்டையை இறக்கிக்கொள்ளும்போது, எது முக்கியம், எதை விடலாம், எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று யோசிக்கிற வேலையை அந்தப் பிறர் செய்து முடித்துவிட்டார். படிப்பு அவருக்குப் போய்விட்டது, மிச்சம் நமக்கு. பல பள்ளிகளில் எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம் பள்ளி நேரத்துக்கு வெளியேதான் நடக்கிறது. பத்துப் பாடம்தான் எடுக்கலாம் என்று 2010இலிருந்து வரம்பு கட்டப் பார்த்தபோது, சமூகம் கொதித்தெழுந்து பத்தோடு இரண்டு என்று வாங்கிய இடம் அது. வாங்கிய இடத்தைக் காப்பாற்றத் தன்னார்வ ஆசிரியர்கள் சனிக்கிழமைகளைக் கொடுத்துவருகிறார்கள்.

அந்த ஆசிரியர்களிடம்தான் ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை பாடம் நடத்தாமல் அட்டை எழுதவையுங்கள். ஐந்து பேரை வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கு ஓர் இயலைக் கொடுங்கள். ஓர் அட்டையில் ஒரே கேள்வி. விடைக்குக் கீழே, தன் வீட்டுத் தமிழில், தான் கண்ட ஓர் உதாரணத்தோடு ஒரு வரி. திராட்சையானாலும் சரி, செம்பனைக் குலையானாலும் சரி. எழுதியவர் அதை மற்ற நால்வருக்கும் விளக்க வேண்டும். அவர்களில் ஒருவருக்காவது புரியவில்லையென்றால் அந்த அட்டை கட்டில் சேரக் கூடாது. மலாய்க் கலைச்சொற்களையும் இதே முறையில் செய்யலாம், அவற்றுக்குத்தான் இது அதிகம் தேவை. செய்து முடித்த கட்டு புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பும் அளவுக்குச் சின்னக் கோப்பு. கமுந்திங்கில் செய்தது கிள்ளானிலும் திறக்கும், சிரம்பானிலும் திறக்கும். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்குக் கேள்விகளை மட்டும் விட்டுவைத்து, அந்த உதாரண வரியை அழித்துக் கொடுங்கள். அதை அவர்களே எழுதட்டும்.